கற்பனைக்கும் கணக்குண்டு

"கற்பனைதானே! இதில் என்ன குற்றம் காண்பது?" என்று கேட்பார் நம்மிடையே பலர். அறிவியல் புனைகதைத் திரைப்படங்களைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இக்கேள்வி தவறாமல் தலைநீட்டும். விண்ணில் பறக்கும் கப்பலே மெய்யன்று. வேற்றுக்கோளின் மாந்தரும் மெய்யல்லர். அவர்கள் அணியும் உடை முன்படத்தில் ஒருவிதமாகவும் பின்படத்தில் வேறுவிதமாகவும் இருந்தால் யாருக்கு என்ன இழப்பு என்பது அன்னார் வாதம். கேட்பதற்கு இனிய இவ்வாதம் அடிப்படையிலேயே பிழையானது. அதனை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மெய்யுலகை எழுதுபவனுக்கு அவ்வுலகமே துணைநிற்கிறது. அவன் ஓரிடத்தில் சறுக்கினாலும் படிப்பவர் தம் பட்டறிவைக்கொண்டு குறையை நிரப்பிக்கொள்வர். இல்லாத உலகைப் படைப்பவனுக்கோ அத்துணை இல்லை. அவன் காட்டியதே அங்குக் காட்சி. அவன் விதித்ததே அங்குச் சட்டம். தானே விதித்ததைத் தானே மீறுவானாயின், அவன் சாக்குச் சொல்ல இடமேது? ஆதலின், கற்பனை மிகுந்த இடத்தில்தான் ஒழுங்கும் மிகுந்திருத்தல் வேண்டும்.

இங்கு நம் இலக்கணம் நமக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. திணை, பால், இடம், காலம் முதலியவை மயங்குவது வழு. ஆயின், மகிழ்ச்சி மிகுதியால் ஒருவன் தன் பசுவை "என் அம்மை வந்தாள்" என்றால் அது வழுவமைதி. இரண்டிலும் மயக்கம் உண்டு. ஒன்றில் காரணம் இல்லை, மற்றொன்றில் உண்டு. இவ்வளவே வேறுபாடு. எனவே மாற்றம் யாவும் குற்றமென்று நான் கூறவில்லை. காரணமற்ற மாற்றமே குற்றம் என்கிறேன்.

இவ்வளவுகோலைக் கொண்டு, உலகெங்கும் பெயர்பெற்ற 'ஸ்டார் ட்ரெக்' படவரிசையை ஆராய்வோம். 1966-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய இக்கதை, 1979-இல் வெள்ளித்திரைக்கு வந்தது. முதற்படத்தில் கப்பலோர் வெளிறிய நிறங்களில் சீருடை அணிந்தனர். 1982-இல் வந்த இரண்டாம் படத்திலோ கடற்படையை நினைவூட்டும் கருஞ்சிவப்பு மேற்சட்டை வந்தது. இயக்குநர் நிக்கோலஸ் மேயர் கடற்படைச் சாயலை விரும்பினார். இரு படங்களுக்கும் உடையமைத்த இராபர்ட் பிளெட்சர் அவ்விருப்பத்தை நிறைவேற்றினார். படைகள் தம் சீருடையை மாற்றுவது உலக வழக்கம். புதுச் சீருடையை அனைவரும் ஒருங்கே அணிந்தனர்; 1991-இல் வெளியான ஆறாம் படம் வரையில் அதுவே நிலைத்தது. இதனை வழுவமைதியாகக் கொள்ளத் தடையில்லை.

அதே 1982-ஆம் ஆண்டுப் படத்தில் கான் என்னும் பகைவனும் அவன் கூட்டத்தாரும் பாழ்கோள் ஒன்றில் பல்லாண்டு கைவிடப்பட்டுக் கிடந்தவர்கள். நெசவுமில்லை, தையலுமில்லை. ஆகவே கப்பலின் இருக்கை உறைகளையும் உதிரிப் பொருள்களையும் கிழித்துத் தைத்துக்கொண்டவர்போல் தோன்றுமாறு பிளெட்சர் அவர்தம் உடைகளை அமைத்தார். ஒரு சொல்லும் பேசாமலே அவ்வுடை அவர்களின் வரலாற்றைக் கூறிவிடுகிறது. உடை வெறும் ஒப்பனையன்று, கதையின் ஒரு கூறு என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

இனி வழுவைக் காண்போம். 1994-இல் வெளிவந்த 'ஜெனரேஷன்ஸ்' என்னும் ஏழாம் படத்தில், ஒரே கப்பலில், ஒரே வேளையில், சிலர் ஒருவகைச் சீருடையிலும் சிலர் வேறுவகைச் சீருடையிலும் நடமாடுகின்றனர். கப்பல் தலைவரே ஒரு காட்சியில் ஒன்றும் பிறிதொரு காட்சியில் மற்றொன்றும் அணிகிறார். ஏன்? கதையில் விடையில்லை. விடை படப்பிடிப்புத் தளத்தில் இருக்கிறது. இப்படத்திற்கென வடிவமைத்த புதிய உடைகள் கடைசி நேரத்தில் கைவிடப்பட்டன. உடனே 'டீப் ஸ்பேஸ் நைன்' என்னும் தொலைக்காட்சித் தொடரின் உடைகளை இரவல் வாங்கினர். ஒரு நடிகரின் உடையை மற்றொருவர் அணிந்தார். அளவு பொருந்தாமையால் சட்டைக்கையைச் சுருட்டிவிட நேர்ந்தது. சீருடை என்னும் சொல்லிலேயே சீர் உண்டு. சீர் குலைந்தபின் அது வெறும் உடையே.

"பொருள்முடையும் காலமுடையும் வந்தால் என் செய்வது?" என்று பரிந்து பேசுவார் உளர். பரிவு நன்று. ஆயின், படமெடுத்தவருக்கு நேர்ந்த முடை கதைமாந்தரின் சட்டைக்கையில் தெரியலாகாது. இருவகை உடைக்கும் காரணம் கூற ஒரே ஒரு வரி உரையாடல் போதும். அவ்வரியை எழுதச் செலவென்ன?

வேறு சிலர், பின்னால் விளக்கம் வந்தால் போதுமென்பர். கிளிங்கான் என்னும் இனத்தார் தொடக்கக் காலத் தொலைக்காட்சியில் நம்மைப்போல் வழுவழுப்பான நெற்றியுடையவர். 1979-ஆம் ஆண்டுப் படத்தில் அவர்தம் நெற்றியில் மேடுகள் முளைத்தன. 1996-இல் ஒளிபரப்பான ஒரு நிகழ்ச்சியில் இதுபற்றிக் கேட்டபோது, அவ்வினத்தானே அயலாரிடம் அதைப் பேசுவதில்லை என்று நழுவினான். 2005-இல்தான் நோய் ஒன்றைக் காரணமாக்கிக் கதை புனைந்தனர். மேடு முளைத்து இருபத்தாறு ஆண்டுகள் கழிந்து வந்த இவ்விளக்கம் சப்பைக்கட்டேயன்றி வேறன்று. வழுவை ஒப்புக்கொண்ட அந்த நகைச்சுவை, வழுவை மூட எழுந்த இந்தக் கதையினும் நேர்மையுடையது.

இதே படைப்பாளிகள் ஒழுங்காகச் செய்ததும் உண்டு. 1996-ஆம் ஆண்டுப் படத்தில் சாம்பல்நிறத் தோள் கொண்ட புதுச் சீருடை வந்தது. 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரின் மாந்தரும் விரைவில் அதற்கு மாறினர். ஆனால் 'வாயேஜர்' தொடரின் கப்பலோர் மாறவில்லை. அவர்கள் எழுபதினாயிரம் ஒளியாண்டுத் தொலைவில் தாயகத்தொடர்பின்றிச் சிக்கியவர்கள். புதுச் சீருடை வந்த செய்தியே தொடக்கத்தில் அவர்களை எட்டியிராது. அங்கே பழைய உடையே அவர்தம் தனிமையின் அடையாளமாயிற்று. மாறாத உடையும் கதை சொல்லும். மாறிய உடையும் கதை சொல்லும். இரண்டும் சொல்லாமல் விட்டால்தான் பார்ப்பவன் ஏமாற்றப்படுகிறான்.

ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே! இஃது அயல்நாட்டுப் படத்தின் சட்டையைப் பற்றிய வம்பன்று. நம் மாணவர் எழுதும் கதைகளில் முதற்பத்தியில் மழை பெய்யும். அடுத்த பத்தியில் தலைவன் காய்ந்த சட்டையோடு வீட்டினுள் நுழைவான். நாமோ "கற்பனை நன்று" எனச் சிவப்பு மையால் எழுதி மதிப்பெண் வழங்கிவிடுகிறோம். அவ்விடத்தில் "சட்டை எப்படிக் காய்ந்தது?" என்று ஒரு கேள்வி எழுதுங்கள். அக்கேள்வியைத் தனக்குத்தானே கேட்கக் கற்ற மாணவனே நாளை புதிய உலகங்களைப் படைப்பான். "கற்பனைதானே" என்பது கற்பனைக்குச் செய்யும் மரியாதையன்று; அதனை மதியாதவர் கூறும் சொல்.