‘ஃபெயில் ஆன பொண்ணு’

போன ஞாயிற்றுக்கிழமை காலை கல்கத்தாவின் கரியாஹாட் மார்க்கெட்டில் முருங்கைக்காய் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் பழைய நண்பர் பையும் கையுமாக நேரே வந்தார். “என்ன சார், உங்க அண்ணன் பொண்ணு பைலட் டெஸ்ட்ல ஃபெயிலாமே? இனிமே எந்த ஏர்லைன்ஸ் எடுப்பான்? பேசாம பி.எட். சேத்து விட்டுடுங்க” என்றார். நாலு பேர் திரும்பிப் பார்க்கிற சத்தம். வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை.

நடந்தது இவ்வளவுதான். வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் சோதனை அது, ஐ.ஆர். செக் என்பார்கள். இறங்க அனுமதி வரும்வரை வானத்தில் நீள்வட்டமாகச் சுற்றிக் காத்திருக்க வேண்டும். காற்று பக்கவாட்டில் தள்ளியதை அவள் சரியாகக் கணக்கிடவில்லை. பாதை விலகியது. சோதகர் தேறவில்லை என்று எழுதினார். பயிற்றுநரோடு உட்கார்ந்து அந்த ஒன்றையே திரும்பத் திரும்பப் பறந்தாள். மூன்றாவது வாரம் மறுசோதனையில் தேறினாள். இதற்குத்தான் பி.எட்.!

ஒருமுறை தவறினால் விமானி வாழ்க்கையே முடிந்தது என்று யார் இவர்களுக்குச் சொன்னது? குறைந்தது 200 மணி நேரம் பறந்து, விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) தேர்வுத் தாள்களில் 70 சதவீதம் எடுத்து, பகலிலும் இரவிலும் தனித்தனியாகச் சோதனை கொடுத்துத்தான் வணிக விமானி உரிமம் வாங்க வேண்டும். வேலை கிடைத்த பிறகும் விட்டபாடில்லை. ஓய்வு பெறும்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் உட்கார வைத்து எஞ்சினை அணைப்பார்கள், தீ எச்சரிக்கையை அலற விடுவார்கள். அதில் சறுக்கினால் கூடுதல் பயிற்சி கொடுத்து மறுபடி சோதிப்பார்கள். தவறுவதற்கும் திருத்திக்கொள்வதற்கும் இடம் வைத்தே கட்டப்பட்ட தொழில் இது.

“தவறினவ கையில உயிரை ஒப்படைக்க முடியுமா?” என்று அடுத்த கேள்வி வரும். அப்படிக் கேட்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: யாகோப் வான் ஸான்டென்.

1977 மார்ச் 27, டெனரிஃப் தீவு. ஓடுபாதையில் மூடுபனி. புறப்பட அனுமதி வருவதற்கு முன்பே கே.எல்.எம். நிறுவனத்தின் 747 ஓடத் தொடங்கியது. அதே ஓடுபாதையில் பான் ஆம் 747 எதிரே ஊர்ந்துகொண்டிருந்தது. 583 பேர் செத்தார்கள். இதைவிடப் பெரிய விமான விபத்து இன்றுவரை நடக்கவில்லை. கே.எல்.எம். விமானத்தை ஓட்டிய கேப்டன்தான் வான் ஸான்டென். அந்த நிறுவனத்தின் 747 பயிற்சித் தலைவர். மற்றவர்களைத் தேற்றுவதும் தேறாமல் போட்டுவிடுவதும் அவர் வேலை. பக்கத்தில் இருந்த துணை விமானிக்கு இரண்டு மாதம் முன்பு 747 சோதனை நடத்தியவரும் அவரே. நிறுவன விளம்பரத்தில் அவர் முகம்தான் சிரித்தது. விபத்துச் செய்தி வந்ததும் விசாரணைக்கு உதவ அவரைத்தான் முதலில் தேடினார்கள்.

ஃப்ளைட் எஞ்சினியர் சந்தேகம் கேட்டார்: பான் ஆம் இன்னும் விலகவில்லையா? விலகிவிட்டது என்று அழுத்திச் சொன்னார் பயிற்சித் தலைவர். துணை விமானியும் அதற்குமேல் தடுக்கவில்லை. தன்னைத் தேற்றியவரிடம் எப்படி எதிர்த்துப் பேசுவது? ‘நான் தவறக்கூடும்’ என்ற நினைப்பு ஒரு நொடி வான் ஸான்டெனுக்கு வந்திருந்தால் அந்த 583 பேரும் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். என் அண்ணன் மகளுக்கு அந்த நினைப்பு இருபத்திரண்டு வயதிலேயே வந்துவிட்டது. யார் ஓட்டும் விமானத்தில் ஏறுவீர்கள் என்று நண்பரைத்தான் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே விழுந்த கோல்கன் விமானத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள். ஐம்பது பேர் இறந்தார்கள். கேப்டன் பல சோதனைகளில் தவறியவர். உண்மைதான். ஆனால் வேலைக்கான விண்ணப்பத்தில் எல்லாத் தவறுகளையும் அவர் சொல்லவில்லை என்பதும் உண்மை. தவறுகள் வரிசையாக வந்தால் நிறுவனம் அதைப் பார்க்கத்தான் வேண்டும். மறைத்தால் எதைப் பார்ப்பது? நம் ஊரிலேயே 2011 மார்ச்சில், தேர்வில் தேறியதாகப் போலி மதிப்பெண் தாள் கொடுத்து உரிமம் வாங்கிய விமானிகள் பிடிபட்டார்கள். ‘ஃபெயில்’ என்ற சொல்லைக் காய்கறிக் கடையில் கூவுகிற ஊரில், போலித் தாள் அச்சடிக்கிறவன் பிழைக்காமல் என்ன செய்வான்? தவறினால் வாழ்க்கையே போச்சு என்று பயமுறுத்துகிறவர்கள்தான் மறைக்கவும் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

இந்த வியாதி விமானத்தோடு நிற்பதில்லை. சி.ஏ. மாப்பிள்ளை என்றால் ‘முதல் முயற்சியிலேயே தேறியவர்’ என்று வரன் விளம்பரத்திலேயே போடுகிறார்கள். தமிழ்நாட்டில் மாநில முதலிடம் அறிவிக்கும் வழக்கத்தை 2017இல் அரசே நிறுத்தியது. பெற்றோர் மனதில் அது நிற்கவில்லை. இங்கே கல்கத்தாவிலும் பத்தாம் வகுப்பு மாத்யமிக் தேர்வு முடிவு வந்தால் முதல் பத்து இடக்காரர்கள் வீட்டில் கேமராக் கூட்டம். அடுத்த வருடம் எழுதித் தேறிய பிள்ளையை யார் எட்டிப் பார்க்கிறார்கள்?

ஆறுதல் சொல்லக் கலாமை இழுத்து வருகிறவர்களும் எனக்கு வேண்டாம். டேராடூனில் இருபத்தைந்து பேரில் ஒன்பதாவதாக வந்து, எட்டுப் பேரோடு பட்டியல் முடிந்ததால் அவர் விமானப்படை விமானி ஆகவில்லை. வேறு துறையில் பெரியவரானார். வேறு வழி பார் என்றுதான் அந்தக் கதையும் என் அண்ணன் மகளிடம் சொல்லும். இவளுக்கு வேறு வழி எதற்கு? சோதனையில் தேறி, உரிமம் கையில் வைத்திருக்கிறாள்.

வான் ஸான்டென் பெயரை நண்பருக்கு ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு அதே கடை முன்னால், அதே சத்தத்தில் வாசித்துக் காட்டுவேன்.

நேற்று ராத்திரி அவள் ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். எந்தச் சோதனையிலாவது தவறியதுண்டா என்று ஒரு கட்டம். என் அண்ணன் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். ‘ஆம், ஒரு முறை’ என்று எழுதி, தேதியும் போட்டாள்.