இடிந்தது மாநகராட்சியின் சொந்தக் கட்டடம்

மும்பை மஸ்காவ் பகுதியில், டாக்யார்டு ரோடு ரயில் நிலையத்தை அடுத்து நின்ற ஐந்து அடுக்குக் குடியிருப்பு, 2013 செப்டம்பர் 27 அதிகாலையில் சரிந்து விழுந்தது. விழித்தவர்களும் விழிக்காதவர்களும் ஒன்றாகப் புதையுண்டனர். மீட்புப் பணி 29ஆம் தேதி முடிவுக்கு வந்தபோது பலியானோர் எண்ணிக்கை 61. அங்கே குடியிருந்தவர்கள் மாநகராட்சியின் சந்தைத் துறை ஊழியர்களும் அவர்தம் குடும்பத்தினரும் ஆவர்.

கீழ்த்தளத்தைக் கிடங்காக வைத்திருந்த பந்தல் அலங்கார ஒப்பந்ததாரர், உரிமமின்றி இடைத்தளம் அமைத்துக் கட்டடத்தைப் பலவீனப்படுத்தினார் என்று குற்றம் சாட்டப்பட்டுக் கைது செய்யப்பட்டார். குற்றம் மெய்ப்பிக்கப்படுமானால் அவர் தண்டிக்கப்பட வேண்டும். அதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால் மக்களின் கோபம் அவரோடு நின்றுவிடவில்லை. நிற்கவும் கூடாது. ஊழியர் குடியிருப்பின் கீழ்த்தளத்தை வணிகக் கிடங்குக்கு வாடகைக்கு விட்டது யார்? மாநகராட்சிதான். வாடகையைத் தவறாமல் வாங்கிக்கொண்ட நிர்வாகத்திற்கு, சுவர் பெயர்க்கப்பட்டது மட்டும் தெரியாமல் போனது எப்படி?

மும்பை மாநகராட்சிச் சட்டப்படி, 30 ஆண்டுகளைக் கடந்த கட்டடத்தின் உறுதித்தன்மையை ஆய்வு செய்து சான்று பெற வேண்டியது உரிமையாளரின் கடமை. தவறினால் நடவடிக்கை எடுக்க வேண்டியது மாநகராட்சி. இங்கே உரிமையாளரும் மாநகராட்சி, கண்காணிக்க வேண்டியதும் மாநகராட்சி, வீடிழந்து உயிரிழந்தவர்களின் முதலாளியும் அதுவே. இந்தக் கட்டடம் உடனடியாகப் பழுதுபார்க்கப்பட வேண்டியவற்றின் வகையில் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருந்தது. ஆபத்து தெரியாமலில்லை, கோப்பில் எழுதப்பட்டிருந்தது. எழுதப்பட்ட நாளுக்கும் இடிந்த நாளுக்கும் இடையில் அந்தக் கோப்பு எந்த மேசையில் கிடந்தது என்பதற்கு நேரான பதில் கிடைக்கவில்லை.

குடியிருப்போரை வெளியேறச் சொன்னோம் என்பது, இத்தகைய ஒவ்வொரு விபத்திற்குப் பின்னும் அதிகாரிகள் தரும் விளக்கம். வெளியேறி எங்கே போவது? மாற்று வீட்டின் சாவியைக் கையில் தராமல் ஒட்டப்படும் நோட்டீஸ், பின்னாளில் விசாரணை ஆணையத்தின் முன் காட்டுவதற்கு மட்டுமே பயன்படும். கடைநிலை ஊழியரின் ஊதியத்தில் தீவு நகருக்குள் ஓர் அறைகூட வாடகைக்குக் கிடைக்காது. நாட்டிலேயே மிகவும் செல்வ வளம் கொண்ட, ஆண்டு நிதிநிலை அறிக்கை 2013இலேயே ரூ.25,000 கோடியைத் தாண்டிய மாநகராட்சியின் ஊழியர்களது நிலை இது.

2013 ஏப்ரல் 4 அன்று தாணே மாவட்டம் மும்ப்ராவில், வனத்துறை நிலத்தில் அனுமதியே இல்லாமல் சில வாரங்களில் எழுப்பப்பட்ட ஏழு மாடிக் கட்டடம் விழுந்து 74 பேர் மாண்டனர். அப்போது ஆட்சியாளர்கள் 'சட்டவிரோதக் கட்டடம்' என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொண்டனர். மஸ்காவ் கட்டடத்தில் அந்த ஒளிவிடமும் இல்லை. 2013இல் மாநகராட்சியில் சிவசேனா - பாஜக கூட்டணி ஆண்டது, மாநிலத்தில் காங்கிரஸ் - தேசியவாத காங்கிரஸ் கூட்டணி ஆண்டது. ஒருவர் மீது ஒருவர் பழி சுமத்திய இவர்கள், கட்டுமான முதலாளிகளின் விஷயத்தில் மட்டும் எப்போதும் ஒரே குரலில் பேசினார்கள்.

மூடப்பட்ட பஞ்சாலைகளின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு பொதுவெளிக்கும், மற்றொரு பங்கு பொது வீட்டுவசதிக்கும் என்று 1991 விதி கூறியது. 2001இல் அது திருத்தப்பட்டது. காலியாகக் கிடக்கும் நிலத்திற்கு மட்டுமே இப்பங்கீடு பொருந்தும் என்றாக்கினர். ஆலைக் கட்டடங்கள் நின்ற நிலம் முழுவதும் முதலாளிகளின் பைக்குப் போயிற்று. 2006இல் உச்ச நீதிமன்றமும் அத்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. அந்த நிலத்தில் இன்று ஆடம்பர கோபுரங்களும் வணிக வளாகங்களும் நிற்கின்றன. உழைப்பவருக்கு வீடு கட்ட நகரில் இடமில்லை என்று சொல்பவர்கள், இருந்த இடம் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இடிந்த கட்டடம் பாபு கேணுவின் பெயரைத் தாங்கியிருந்தது. 1930 டிசம்பர் 12 அன்று, அந்நியத் துணி ஏற்றிவந்த லாரியை மறித்து அதன் சக்கரத்தில் உயிர்நீத்த 22 வயது பஞ்சாலைத் தொழிலாளி அவர். பெயர் வைப்பதற்கு மாநகராட்சிக்குச் செலவில்லை.

துறை விசாரணை போதாது. மாநகராட்சிக்கு வெளியே உள்ள நீதி விசாரணை வேண்டும். கீழ்நிலைப் பொறியாளர்களோடு கணக்கை முடிக்காமல், பழுதுபார்ப்பு நிதியை நிறுத்தி வைத்தவர்கள் வரை அது செல்ல வேண்டும். தப்பிப் பிழைத்தோருக்குப் பணியிடத்திற்கு அருகிலேயே நிரந்தர வீடும், மாண்ட ஊழியர்களின் வாரிசுகளுக்கு வேலையும் தரப்பட வேண்டும். மாநகராட்சிக்குச் சொந்தமான குடியிருப்புகளில் பழுதுபார்க்க வேண்டியவை என்று கோப்பில் குறிக்கப்பட்டவை எத்தனை, அவை எந்தெந்தத் தெருவில் உள்ளன, எப்போது பணி தொடங்கும் என்ற பட்டியலை வட்டார அலுவலகந்தோறும் ஒட்ட வேண்டும். அந்த வீடுகளில் இன்றிரவும் மக்கள் படுத்துறங்கப் போகிறார்கள்.