சந்தேகம் கேட்க ஓர் ஆள்



ஆன்லைன் படிப்பு தேவையா, தேவையில்லையா என்று ஹாஸ்டலில் சண்டை நடக்கும்போதெல்லாம் நான் வாய் திறப்பதில்லை. மலர்க் குழு பக்கம் ஒதுக்கிவிட்டதால் இப்போது சொல்லிவிடுகிறேன்.

2020-இல் பள்ளிக்கூடம் பூட்டியபோது நான் எட்டாம் வகுப்பு. அம்மாவுக்கு போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் வேலை. ஊரடங்கில் ஜீப் ஓடவில்லை, எல்லை தாண்ட விடவில்லை, கூலியும் இல்லை. அந்த நேரத்திலும் கடன் வாங்கி ஒரு போன் வாங்கித் தந்துச்சு.

காரணிப்படுத்துதல் வீடியோ வந்தது. மூணு தடவை போட்டுப் பார்த்தேன். மூணு தடவையும் அதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். எனக்குப் புரியாத இடமும் அதேதான்! வீட்டில் யாரைக் கேட்பது? அம்மா கையெழுத்துப் போடப் பழகியதே என்னிடம்தான். கடைசியில், தெருவில் டிப்ளமோ படித்த அண்ணன் ஒருவர் திண்ணையில் கரிக்கட்டியால் போட்டுக் காட்டினார். பத்தே நிமிஷம்.

அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றிப் பேராசிரியர்கள் கோட்பாடே எழுதியிருக்கிறார்கள் என்பது இந்த வருஷம் செமினாருக்குப் படித்தபோதுதான் தெரிந்தது. மாணவன் பாடத்தோடும், ஆசிரியரோடும், சக மாணவனோடும் உறவாட வேண்டும் என்று 1989-இல் மைக்கேல் மூர் எழுதினார். தூரம் என்பது கிலோமீட்டர் கணக்கு இல்லையாம். பேச்சு குறையக் குறையத் தூரம் கூடும். (அப்படிப் பார்த்தால் முதல் பெஞ்சுகூடத் தூரம்தான், அது வேற கதை!) 2000-இல் கனடாவின் காரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் மூவரும் இதையே வேறு விதமாகச் சொன்னார்கள்: சிந்தனை, கூட்டாளிகள், வழிநடத்தும் ஆசிரியர் மூன்றும் சேர்ந்தால்தான் படிப்பு.

ஆக, வீடியோ என்பது மூன்றில் ஒரு பங்குதான். ஐ.ஐ.டி.களும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி.யும் 2003-இல் தொடங்கிய என்பிடெல்லில் பாடம் மலையாகக் குவிந்து கிடக்கிறது. பாடத்துக்குப் பஞ்சமில்லை, திண்ணைக்குத்தான் பஞ்சம்.

எங்க போடி ஏலக்காய் ஏலத்தையே பாருங்க. விலை கேட்பது கம்ப்யூட்டரில். ஆனாலும் சாம்பிள் தட்டு கைக்கு வரும். வியாபாரி காயைத் தொட்டு, நிறம் பார்த்து, அப்புறம்தான் விலை போடுவார். ஏலக்காய்க்கு உள்ள மரியாதை பாடத்துக்கு வேண்டாமா?

சங்கத்துக்கு என் கோரிக்கை இதுதான். சனிக்கிழமை மதியம் கம்ப்யூட்டர் லேப் சாவியை வாங்கிக் கொடுங்கள். ஒரு வீடியோ, இருபது பேர், ஒரு சீனியர் போதும். யார் கை தூக்கினாலும் வீடியோவை நிறுத்தணும். முதல் வாரம் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் வைக்கலாம். எனக்கே அதில் ஓர் அரியர் நிக்குது.