சமன் செய்தால் மட்டும் போதுமா?

வேதியியல் என்றாலே எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு வேப்பங்காய். அதிலும் சமன்பாடு எழுதச் சொன்னால் கேட்கவே வேண்டாம்! இந்தப் பக்கம் எத்தனை அணு, அந்தப் பக்கம் எத்தனை என்று விரல் விட்டு எண்ணி, எப்படியோ சமன் செய்துவிட்டு, 'அப்பாடா' என்று பேனாவை மூடுகிறோம். அம்புக்குறிக்கு அப்பால் பிறக்கும் பொருள் எப்படிப்பட்டது என்று எங்களில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

அரையாண்டுத் தேர்வில் ஒரு கேள்வி வந்தது. சலவைத்தூளுடன் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வினைபுரிந்தால் கால்சியம் குளோரைடும் நீரும் குளோரின் வாயுவும் கிடைக்கும். அமிலத்தின் முன் இரண்டு போட வேண்டும். அநேகமாக எல்லோருமே சரியாக எழுதினோம். முழு மதிப்பெண்ணும் கிடைத்தது.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் எங்களில் ஒருத்தி வீட்டில் துப்புரவு வேலை. அவள் அம்மா குளியலறையில் பிளீச்சிங் பவுடரைத் தூவி, நன்றாக வெளுக்கட்டுமே என்று அதன் மேலேயே ஆசிட்டையும் ஊற்றிவிட்டார்கள். சற்று நேரத்தில் இருமிக்கொண்டே, கண்ணில் நீர் வழிய வெளியே ஓடி வந்தார்கள். "என்னம்மா?" என்றாளாம் இவள். "ஆசிட் நெடிடி, வேறென்ன" என்றார்களாம். இவளும் ஆமாம் போட்டாள். பள்ளி திறந்து விடைத்தாள் கைக்கு வந்தபோதுதான் சுரீரென்றது. பிளீச்சிங் பவுடர்தானே சலவைத்தூள்? குளியலறை ஆசிட்தானே ஹைட்ரோகுளோரிக் அமிலம்? முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 அன்று, ஈப்ரா என்ற இடத்தில் ஜெர்மானியப் படை நச்சுப் புகையாகத் திறந்துவிட்டது இதே குளோரினைத்தான்.

குற்றம் அவள் மேல் இல்லை. நாங்கள் அனைவரும் அப்படித்தான் படிக்கிறோம். நீருக்குரிய சமன்பாட்டைச் சமன் செய்ய முடியாமல், ஆக்சிஜனின் கீழ் ஓர் இரண்டைச் சேர்த்து எழுதியவர்களும் எங்களில் உண்டு. முன்னால் போட வேண்டிய எண்ணைக் கீழே போட்டால் பொருளே மாறிவிடும். குடிக்கத் தண்ணீர் கேட்டவருக்கு, புண் கழுவும் ஹைட்ரஜன் பெராக்சைடை நீட்டிய கதைதான்!

ஆனால் ஒரு சமன்பாட்டை மட்டும் நாங்கள் யாருமே உருப்போட்டதில்லை. தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய் வைத்து ஊதினோம். அது பாலாக வெளுத்தது. மூச்சிலிருந்த கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆயிற்று என்று சிஸ்டர் சொன்னார்கள். இன்று நடு இரவில் எழுப்பிக் கேட்டாலும் எழுதுவோம். பிரெஞ்சு நாட்டு லவாய்சியர்கூடத் தராசில் நிறுத்துப் பார்த்துத்தானே, வினைக்கு முன்னும் பின்னும் நிறை மாறாது என்று சொன்னார்?

ஆகவே சிஸ்டர்களுக்கும் ஆசிரியைகளுக்கும் எங்கள் பணிவான விண்ணப்பம்: முதலில் சோதனையைக் காட்டுங்கள், சமன்பாட்டைப் பிறகு கரும்பலகையில் எழுதலாம். குளோரின் போன்றவற்றைக் காட்ட முடியாதுதான். அப்போது அந்தப் பொருள்கள் வீட்டில் எங்கே இருக்கின்றன, என்ன பெயரில் விற்கின்றன என்றாவது சொல்லுங்கள். பெற்றோர்களே, எத்தனை மதிப்பெண் என்று கேட்கும்போது, என்ன படித்தாய் என்றும் கேளுங்களேன்.

அந்த வீட்டில் இப்போது பிளீச்சிங் பவுடர் மாடிப்படியின் அடியிலும் ஆசிட் பாட்டில் கொல்லைப்புறத்திலும் தனித்தனியே இருக்கின்றனவாம். அம்மாவின் ஏற்பாடு.