பசியை அடக்கும் ஊசி யார் கைக்குப் போக வேண்டும்?

பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போடும் திட்டத்தை 1956இல் காமராசர் தொடங்கிவைத்தது எட்டயபுரத்தில். பாஞ்சாலங்குறிச்சிக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே, இந்தக் கரிசல் காட்டுக்குள், வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை ஓர் அரசு ஒப்புக்கொண்ட இடம் அது. எழுபது ஆண்டு கழித்து அதே வட்டாரத்தில், பசி எடுக்காமல் இருக்க ஊசி வந்திருக்கிறதாமே என்று ஆட்கள் விசாரிக்கிறார்கள். விசாரிப்பவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உடம்பைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற முடியாதவரும், சுகர் மாத்திரை கூடிக்கொண்டே போகிறவரும் விசாரிக்கத்தான் செய்வார்கள்.

நம் நிலைப்பாடு இது. இந்த ஊசி உண்மையான மருந்து. தேவைப்படுகிறவர்களுக்கு அது அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கிடைக்க வேண்டும். அதே ஊசி, மெடிக்கல் கடையில் கேட்டவருக்கெல்லாம் எடுத்துக் கொடுக்கும் சரக்காக ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அது பிடித்து அழுத்துவது மூளையை.

பசி வயிற்றைக் கிள்ளுகிறது என்கிறோம். கிள்ளுவது வயிற்றில் தெரிந்தாலும் உத்தரவு வருவது தலையிலிருந்து. மூளையின் அடிப்பகுதியில் ஒரு பாதாம் பருப்பு அளவில் ஹைப்போதலாமஸ் இருக்கிறது. அதற்குள் எதிரெதிரான இரண்டு வகை நரம்பணுக்கள். ஒரு கூட்டம் ‘சாப்பிடு, சாப்பிடு’ என்று விரட்டும். இன்னொரு கூட்டம் ‘போதும், எழுந்திரு’ என்று கைகழுவ அனுப்பும். விரட்டுகிற அணுக்களை மட்டும் 2011இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒளி பாய்ச்சித் தூண்டிப் பார்த்தார்கள். வயிறு நிறையத் தின்றிருந்த சுண்டெலிகள் சில நிமிடங்களில் மறுபடி அள்ளித் தின்னத் தொடங்கின. அதற்கு முன்பே, 2005இல், வளர்ந்த சுண்டெலிகளில் இதே அணுக்களை அழித்துப் பார்த்திருந்தார்கள். எதிரில் இரை கிடந்தும் அவை தின்னாமல் மெலிந்தன. இரையும் மாறவில்லை, வயிறும் மாறவில்லை. மாறியது தலைக்குள் இருந்த சில ஆயிரம் அணுக்கள்.

சாப்பாடு கீழே இறங்கியதும் குடலின் உட்சுவர் ஜிஎல்பி-1 என்ற இயக்குநீரைச் சுரக்கிறது. இன்சுலினைக் கூட்டுவது அதன் ஒரு வேலை. ‘வந்து சேர்ந்துவிட்டது, போதும்’ என்று மூளைக்குச் சொல்வது இன்னொரு வேலை. பின்மூளையிலும் இதே பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் உண்டு. 1996இல் லண்டனில் ஸ்டீபன் புளூமின் குழு இதை எலியின் மூளைக்குள் நேரடியாகச் செலுத்தியபோது எலிகள் இரையைக் குறைத்துக்கொண்டன. ஆனால் இரத்தத்தில் இந்தச் செய்திக்கு ஆயுள் மிகக் குறைவு. இரண்டே நிமிடத்தில் பாதி அழிந்துபோகும். மருந்து வேதியியல் செய்த காரியம், அந்த இரண்டு நிமிடத்தை இழுத்து நீட்டியது. இந்த ஊசி மருந்துகளில் ஒன்றான செமாகுளூட்டைடில் பாதி அழிவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆகிறது. அதனால்தான் வாரத்துக்கு ஓர் ஊசி. இன்னொரு ஊசி மருந்தான டிர்செபடைடு, ஜிஐபி என்ற மற்றொரு குடல் இயக்குநீரின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

மூளைக்குள் எல்லாப் பொருளும் நுழைந்துவிட முடியாது. அதன் இரத்தக் குழாய்களைச் சுற்றி இறுக்கமான வேலி இருக்கிறது. அந்த வேலியில் சில இடங்களில் மட்டும் சந்து உண்டு. பின்மூளையில் ஏரியா போஸ்ட்ரீமா என்ற இடம் ஒன்று, ஹைப்போதலாமஸின் ஓரம் இன்னொன்று. இந்த மருந்துகள் அங்கேதான் போய்ச் சேர்கின்றன. அங்கிருந்து நரம்புகள் வழியே சேதி உள்ளே பரவுகிறது. ஏரியா போஸ்ட்ரீமா வாந்தி உணர்வுக்கும் பொறுப்பான இடம். ஊசி தொடங்கிய வாரங்களில் வயிற்றைப் புரட்டிக்கொண்டு வருவதற்கு அதுவும் ஒரு காரணம். இரைப்பை காலியாவதையும் இவை மெதுவாக்கும் என்பது உண்மை. ஆனால் நாளாக நாளாக அந்த விளைவு தணிந்துவிட, எடை மட்டும் தொடர்ந்து இறங்குகிறது. மூளை நரம்பணுக்களில் ஜிஎல்பி-1க்கான ஏற்பியை எடுத்துவிட்ட சுண்டெலிகளுக்கு இதே குடும்பத்து லிராகுளூட்டைடைக் கொடுத்தபோது எடை குறையவே இல்லை. வேலை எங்கே நடக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை.

ஊசி போட்டவர்கள் பலர் சொல்வது ஒன்றே: சாப்பாட்டு நினைப்பு ஓய்ந்துவிட்டது. ராத்திரி புரோட்டாக் கடை வாசலில் கல்லின் சத்தமும் சால்னா வாசமும் காலைப் பிடித்து இழுக்குமே, அந்த இழுப்பு இல்லை. ருசியின்மேல் ஆசையைக் கிளப்பும் டோபமைன் பாதைகளையும் இந்த மருந்து தொடுகிறது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. நம் ஊரில் பருத்த உடம்புக்காரர், அதிலும் பெண்கள், ஆயுசு முழுக்கக் கேட்கும் புத்திமதி ‘வாயைக் கட்டு’ என்பதுதான். வாயைக் கட்டியவர்கள் எத்தனையோ பேர். கட்டிய மூன்றாம் மாதம் பசி இரண்டு மடங்காகத் திரும்பி வந்ததையும் அவர்கள் கண்டிருக்கிறார்கள். கொழுப்பு கரையக் கரைய, கொழுப்பணு சுரக்கும் லெப்டின் குறைகிறது. லெப்டின் குறைந்தால் மூளைக்குப் பஞ்சம் வந்துவிட்டதாகத்தான் கணக்கு. உடனே பசியைக் கூட்டும், உடம்பு செலவழிப்பதைச் சுருக்கும். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் செத்துக்கொண்டிருந்தபோது, நாளெல்லாம் மண் சுமந்தவனுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஒரு அணாவும் போதும் என்று வெள்ளை அரசின் அதிகாரி ரிச்சர்டு டெம்பிள் கூலி நிர்ணயித்தார். அந்த நாட்களில் உயிரைக் கையில் பிடித்துவைத்திருந்தது மூளையின் இந்த ஏற்பாடுதான். அதைச் சோம்பேறித்தனம் என்றோ நாக்கு ருசி என்றோ வைவது அறியாமை. அந்த ஏச்சை மருத்துவர்களும் நிறுத்த வேண்டும்.

ஏழை வட்டாரத்தில் இதெல்லாம் பணக்கார வியாதிப் பேச்சு என்பார் உண்டு. கணக்கைப் பார்ப்போம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை கொண்டவர்கள். அதே கணக்கெடுப்பில், அதே வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இரண்டையும் சேர்த்தால் நூறுக்கு அருகில் வருகிறது என்பதால் ஆளுக்கொன்று என்று எண்ணிவிடக் கூடாது. எடையும் சோகையும் ஒரே உடம்பில் சேர்ந்தே இருக்கின்றன. கம்பும் சோளமும் குதிரைவாலியும் தின்று காட்டில் களை வெட்டிய தலைமுறையின் பேத்தி, ரேஷன் அரிசிச் சோற்றைத் தின்றுவிட்டுத் தீப்பெட்டி ஆபீஸில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்த இடத்தில் வேலை செய்கிறார். சோறு மிகுதி, பருப்பு சொற்பம், இடையில் காராச்சேவும் டீயும். வயிறு நிறைகிறது, இரத்தம் ஊறவில்லை, தசை கூடவில்லை.

போதாக்குறைக்கு நம் உடம்பின் வாகு வேறு. கை கால் மெலிந்திருக்கும், கொழுப்பு தொப்பையில் தங்கும். அதனால் பிஎம்ஐ கணக்கில் ஐரோப்பியருக்கு 30 என்று வைத்த உடற்பருமன் எல்லையை நமக்கு 25 என்று வைத்திருக்கிறார்கள். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு தமிழ்நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 14.4 சதவீதம் என்றது. இது பணக்காரர் வியாதி என்கிற காலம் போய்விட்டது.

மருந்து மட்டும்தான் இன்னும் பணக்காரர் வீட்டில் இருக்கிறது. டிர்செபடைடு ஊசியான மவுன்ஜாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது தொடக்க அளவு ஊசி ஒன்று 3,500 ரூபாய். மாதத்துக்கு 14,000. அந்த ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நாள்கூலி 336 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்து நூறு நாளும் போனாலும் கையில் வருவது 33,600. முழு வருஷக் கூலி இரண்டரை மாத ஊசிக்குக் காணாது. ஆனால் விலை இங்கேயே நிற்கப் போவதில்லை. செமாகுளூட்டைடுக்கு இந்தியாவில் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான். அதன்பின் உள்நாட்டு நிறுவனங்கள் அதைத் தாங்களே தயாரித்து விற்கலாம்.

விலை இறங்குவதைத்தான் நாம் விரும்புகிறோம். அஞ்சுவதும் அதைத்தான். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மாத்திரைகள் நம் ஊர் மெடிக்கல்களில் எப்படி விற்கின்றன என்பது எல்லாருக்கும் தெரியும். கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கிறது என்று ஒரு பெண்ணும், ஜிம்மில் யாரோ சொன்னார் என்று ஒரு பையனும் வாங்கிப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தால், நஷ்டம் முதலில் சதையில் விழும். இந்த ஊசியால் குறையும் எடையில் கால் பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை கொழுப்பல்லாத திசு. அதில் தசையும் அடக்கம். ஏற்கெனவே தசை குறைந்த, இரத்தம் குறைந்த உடம்புக்கு அது தாங்காது. பசியே எடுக்காதபோது உளுந்தையும் பாசிப்பயறையும் முட்டையையும் வற்புறுத்தி ஊட்ட யார் இருக்கிறார்கள்?

அடுத்த ஆபத்து வெயில். சித்திரை வைகாசியில் கரிசல் காட்டில் வேலை செய்தவருக்குத் தெரியும், தாகம் எடுப்பதுதான் உயிர்க்காப்பு. இந்த மருந்துக் குடும்பம் தண்ணீர் குடிப்பதையும் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மேலே வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் உடம்பு வற்றும். சிறுநீரகம் அடி வாங்கும். அதோடு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் சுகர் மாத்திரைகளில் கிளைமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகையைப் பழையபடியே போட்டுக்கொண்டு, ஊசியால் பசி அடங்கிச் சோற்றை விட்டுவிட்டால், இரத்தச் சர்க்கரை திடீரென்று கீழே விழும். காட்டில் தனியாக நிற்கும் பெண்ணுக்கு அது மயக்கத்தோடு நிற்காமல் போகலாம். கணையம் புண்பட்ட வரலாறு உள்ளவர், குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் கண்டவர், கர்ப்பத்துக்குத் தயாராகிறவர் ஆகியோரை ஆரம்பத்திலேயே விலக்க வேண்டும். கடைக்காரர் இந்தக் கேள்விகளைக் கேட்கப் போவதில்லை.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். 2021இல் வெளியான பெரிய ஆய்வில் செமாகுளூட்டைடு போட்டவர்களுக்கு 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. ஊசியை நிறுத்தி ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்தபோது, குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. மூளையின் கணக்கு மாறவில்லை; மருந்து இருக்கும்வரை அது அடக்கி வைக்கப்பட்டிருந்தது, அவ்வளவே. கையில் காசு இருக்கும்வரை நான்கு மாதம் போட்டுவிட்டு நிறுத்துகிறவருக்குக் கொழுப்பு திரும்பும். இழந்த தசை முழுசாகத் திரும்பும் என்ற உறுதி கிடையாது.

எனவே அரசு முந்திக்கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2025 செப்டம்பரில் இந்த மருந்துகளை இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தபோது, யாருக்கு முதலில் என்பதையும் சொன்னது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயோடு இதய நோயோ சிறுநீரக நோயோ இருந்து, உடற்பருமனும் உள்ளவர்களுக்கு. தமிழ்நாடு அதே வரிசையை எடுத்துக்கொள்ளலாம். மொத்தமாக வாங்கி விலையை உடைப்பதில் 1994இல் தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நாட்டுக்கே வழி காட்டியது. இதற்கும் அந்த வழி உண்டு. கோவில்பட்டி அரசு மருத்துவமனையிலும் தூத்துக்குடி மருத்துவக் கல்லூரியிலும் சிறப்பு மருத்துவர் பார்த்துத் தொடங்க வேண்டும். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மெடிக்கல்களின் விற்பனைப் பதிவை மாதாமாதம் சரிபார்க்க வேண்டும். சீட்டில்லாமல் ஓர் ஊசி விற்றாலும் உரிமத்தில் கை வைக்க வேண்டும். பிரிக்காத ஊசிப் பேனா 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய பொருள். பிரிட்ஜ் இல்லாத வீடும் மின்வெட்டும் உள்ள ஊரில் அதை நோயாளி கையில் கொடுத்தனுப்பாமல், சுகாதார நிலையத்திலேயே வைத்து வாரம் ஒருமுறை வந்து போட்டுக்கொள்ளச் செய்யலாம். வாரம் ஒருமுறை முகம் பார்ப்பதும் வைத்தியம்தான்.

ஊசிக்குச் செலவழிக்கும் காசில் பிள்ளைகளுக்குச் சோறு போடலாமே என்ற கேள்வி நியாயமானது. சோற்றில் கை வைத்து ஊசி வாங்கச் சொல்லவில்லை. எட்டயபுரத்தில் தொடங்கியது 2022இல் காலை உணவாக நீண்டது. அது இன்னும் நீள வேண்டும், ரேஷன் கடைக்குப் பருப்பும் சிறுதானியமும் கூட வேண்டும். கால் மரத்து, சிறுநீரகம் பழுதாகி, டயாலிசிஸ் படுக்கைக்குப் போகும் தாய் தகப்பனைக் கொண்ட வீட்டிலும் அந்தப் பிள்ளைதான் இருக்கிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஒட்டப்பிடாரம் வட்டாரத்துக் கிராமங்களில் மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர்கள் 2021 முதல் வீடு வீடாகப் போய்ச் சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் கொடுத்து வருகிறார்கள். ஊசி தொடங்கியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர்கள் இன்னும் இரண்டு கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும். “நேத்து ராத்திரி என்னக்கா சாப்பிட்டீங்க?” என்பது ஒன்று. “கையை ஊன்றாம தரையில இருந்து எந்திரிங்க, பார்ப்போம்” என்பது மற்றொன்று. எழ முடியவில்லை என்றால், அடுத்த ஊசிக்கு முன்பு அவரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.