ஜீப்புக்கு மட்டும் வழி

பாயசத்தை இறக்கும் சமயத்தில் நாலு ஏலக்காயைத் தட்டிப் போடுகிறீர்களே, அந்த நாலு காயும் உங்கள் அஞ்சறைப் பெட்டிக்கு வந்து சேருமுன் ஏதாவது ஒரு ஜீப்பில் குலுங்கியிருக்கும். அது எப்படிப்பட்ட குலுக்கல் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, இரண்டு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் இதை எழுதுகிறேன்.

போடிநாயக்கனூருக்குப் போனால் முதலில் மூக்குக்குத்தான் வேலை. கடைத் தெருவில் நடந்தாலே ஏலக்காய் மணக்கிறது. ஏல மையத்தில் வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து விலை கேட்கிறார்கள். சரக்கு மலையில் விளைகிறது. பெரும்பாலும் கேரள எல்லைக்கு அப்பால். போடியிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதுவரை நல்ல தார் ரோடு. குழந்தைகளுக்கு எலுமிச்சம்பழம் கொடுத்துச் சமாளித்துவிடலாம். அதற்கு மேல் தோட்டங்களுக்குப் பிரியும் வழிகள்தாம் நம் விஷயம்.

ஏலத்தோட்டத்து வழிகளில் வெளியாரை லேசில் விடமாட்டார்கள். ஆனால் பணம் கொடுத்தால் யாரும் போகக்கூடிய வழி ஒன்று இருக்கிறது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறுவது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். நம்மூர் பஸ் அரை மணியில் போகும் தூரம். ஜீப் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. கார் போகாது. போக முயன்றால் அடிவயிறு பாறையில் தட்டி அங்கேயே உட்கார்ந்துவிடும்.

ஜீப்புக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது? இரண்டு விசேஷம். சாதாரணக் காரில் இரண்டு சக்கரங்கள்தாம் இழுக்கும். மற்ற இரண்டும் கல்யாண வீட்டுக்கு வந்த தூரத்து உறவு மாதிரி கூடவே வரும். இந்த ஜீப்பில் நாலும் இழுக்கும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினாலும் மற்றது கல்லைப் பற்றிக்கொள்ளும். அடுத்தது, டிரைவர் கைப்பக்கம் உள்ள இன்னொரு சிறிய கியர்க் கம்பி. அதைப் போட்டால் வேகம் போய் வலு வரும். கெட்டி மாவை ஆட்டுக்கல்லில் நிதானமாக ஆட்டுகிறோமே, அந்தக் கணக்கு. இரண்டாம் உலக யுத்தத்தில் சிப்பாய்களுக்காகப் பிறந்த வண்டி, நம் மலைத் தோட்டத்துக்கு மாட்டுப் பெண் மாதிரி வந்து, இன்று அது இல்லாமல் அடுப்பு எரியாது என்னும் நிலைமை.

"கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்கங்கம்மா. உடம்பை மட்டும் வெறைப்பா வச்சுக்காதீங்க" என்றார் டிரைவர். அது உபதேசம் என்று ஐந்தாவது நிமிஷத்தில்தான் புரிந்தது. கல்லும் குழியும் மாறி மாறி வருகின்றன, குழிக்குள்ளும் கல். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை, மேகம். நான் சொல்லாத ஸ்லோகம் கிடையாது.

உச்சி ஏறக்குறைய 7,900 அடி. ஊட்டியைவிட உயரம். 1930களில் ஏற்பட்ட பழைய தேயிலைத் தொழிற்சாலை இன்னும் அங்கே ஓடுகிறது. விளிம்பில் நின்று கீழே பார்த்தால் தேனி மாவட்டத்துச் சமவெளி, வயலும் ஊருமாகப் பாய் விரித்த மாதிரி கிடக்கிறது. வேடிக்கையைக் கேளுங்கள்: நாம் நிற்கும் இடமும் தேனி மாவட்டம்தான். ஆனால் தமிழ்நாட்டிலிருந்து இங்கே வண்டி வர வழி கிடையாது. கேரளத்துக்குள் புகுந்து சுற்றித்தான் வரவேண்டும். எதிர் வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றுவது போல!

கீழே குரங்கணிக்கு நேராக இறங்குவது கால்வழி ஒன்றுதான். பழைய நாளில் இந்த மலைக்குக் காலும் கழுதையும் குதிரையுமே வாகனம். பக்கத்து டாப் ஸ்டேஷனிலிருந்து மூணாறு தேயிலைப் பெட்டிகள் கம்பியில் தொங்கிக்கொண்டு கோட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போயின. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குப் பெட்டிகளைக் கொண்டுவந்த சின்ன ரயிலை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது.

அமெரிக்காவில் கலிபோர்னியாப் பாலைவனத்தின் குறுக்கே மோஹாவி ரோடு என்று ஒன்று உண்டு. சுமார் 220 கிலோமீட்டர். ஜீப் ஆசைக்காரர்கள் கூடாரம், தண்ணீர், பெட்ரோல் எல்லாம் கட்டிக்கொண்டு இரண்டு மூன்று நாள் அதில் ஓட்டுகிறார்கள். அதையும் முதலில் போட்டது கால்கள்தாம். மோஹாவி என்னும் பூர்வ குடிகள் ஊற்றுக்கு ஊற்று நடந்த தடம். பிறகு ராணுவத்தின் வண்டிப் பாதை. ரயில் வந்ததும் கைவிடப்பட்டது. அங்கே ஊற்றைத் தெரியாமல் நடந்தவனுக்கு உயிர் இல்லை.

இங்கே தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஆனால் கோடையில் போதைப்புல் காய்ந்து நிற்கும். 2018 மார்ச் 11-ஆம் தேதி, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்கள் காட்டுத் தீயில் சிக்கினார்கள். மகளிர் தினத்தை ஒட்டி மலையேற வந்த பெண்கள் அவர்களில் பலர். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அந்தச் சரிவுக்கு ஜீப்பும் போகாது, ஆம்புலன்ஸும் போகாது. ஹெலிகாப்டர் வந்தது, அதற்கு முன்பே கீழ்க் கிராமத்து ஜனங்கள் இருட்டில் ஏறிப் போய், டோலி கட்டித் தோளில் சுமந்து இறக்கினார்கள். உச்சியில் நின்று அந்தச் சரிவைப் பார்த்தபோது டிரைவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

திரும்பும்போது போடிமெட்டில் டீ குடிக்க நிறுத்தினோம். மாலை நேரம். தோட்டத்து ஜீப் ஒன்று வந்து நின்றது. விடியுமுன் சமவெளியிலிருந்து ஏறி, பகலெல்லாம் ஏலச் செடியின் அடியில் குனிந்து, தரையோடு கிடக்கும் சரத்திலிருந்து காய் எடுத்துவிட்டு வீடு திரும்பும் பெண்கள். எண்ணத் தொடங்கினேன், பதினான்குக்கு மேல் யார் மடியில் யார் என்று புரியவில்லை. ஒருத்தி பின் படியில் தொங்கிக்கொண்டிருந்தாள். இந்த மாதிரி ஜீப் பனிமூட்டத்தில் கவிழ்ந்ததாக அவ்வப்போது பத்திரிகையில் நாலு வரி வரும். படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன்.

நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதை ஓர் அம்மாள் பார்த்துவிட்டாள்.

"கொழுக்குமலைக்கா போயிட்டு வர்றீங்க? எம்புட்டு வாங்குனாங்க?"

சொன்னேன். அவள் பக்கத்திலிருந்தவளை முழங்கையால் இடித்தாள்.

"கேட்டியாடி? குலுங்குறதுக்குக் காசு குடுத்திருக்காங்க!"

ஜீப் முழுக்கச் சிரிப்பு. அடுத்த வளைவில் திரும்பும் வரை கேட்டுக்கொண்டிருந்தது.