வாசகர் கேள்வி: தச்சுக் கருவிகளில் எதை முதலில் வாங்குவது?

“கொட்டச்சேட்டில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கரில் காபியும் மிளகும் இருக்கிறது. போன ஐப்பசி மழையில் காற்றுக்குச் சாய்ந்த நான்கு சில்வர் ஓக் மரங்களை மில்லில் ஒரு அங்குலப் பலகையாக அறுத்து வீட்டுக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கிறோம். வியாபாரி கேட்கும் விலை வண்டி வாடகைக்கே சரியாகிவிடும். பன்னிரண்டாவது முடித்த மகன், ‘கருவி வாங்கினால் தேனீப் பெட்டி, மிளகு ஏணி, கதவு எல்லாம் நாமே செய்யலாம்’ என்கிறான். மகளிர் குழுவில் 30,000 ரூபாய் கடன் எடுத்து மெஷின் வாங்கச் சொல்கிறான். எடுக்கலாமா? எதை முதலில் வாங்க வேண்டும்?”

– ஒரு வாசகி, கொட்டச்சேடு, ஏற்காடு

மகனின் யோசனை நல்லது. கடன் மட்டும் இப்போது வேண்டாம். வேலை பழகத் தேவையான கைக்கருவிகள் எல்லாம் சேர்ந்தாலும் அந்தத் தொகையில் கால் பங்கைத் தாண்டாது. அதையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. மிளகு விற்ற காசில் இரண்டு தவணையாக வாங்கினால் போதும். எந்த மெஷின் தேவை என்பது முதல் பத்துப் பெட்டி செய்து முடித்தபின்தான் தெரியும். அதற்கு முன் வாங்கிய மெஷின் பல வீடுகளில் சாக்கு போர்த்தி மூலையில் கிடக்கிறது.

கருவிக்கு முன் பலகையைப் பார்த்தாக வேண்டும். மலைப்பகுதி மரங்களுக்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. சொந்தப் பட்டாவில் நின்ற மரமானாலும், காற்றில் தானாகச் சாய்ந்ததானாலும், வனச்சரக அலுவலகத்தில் சொல்லி அதற்கான காகிதத்தைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. பெட்டி செய்து விற்கத் தொடங்கினால் மரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி ஒருநாள் வரும். கொட்டச்சேட்டுப் பக்கம் இருக்கும் தேக்குக் காட்டில் காய்ந்து விழுந்த கிளையைக்கூட எடுத்து வரக் கூடாது என்று பையனுக்குச் சொல்லி வைக்க வேண்டும். ஈட்டியும் சந்தனமும் தோட்டத்திலேயே நின்றாலும் வனச்சரக அலுவலகத்தில் கேட்காமல் தொடக் கூடாது.

அடுத்தது காய்ச்சல். பச்சைப் பலகையில் எவ்வளவு நல்ல கருவியால் செய்தாலும் பெட்டி மூன்று மாதத்தில் கோணி, மூலை வாய் பிளக்கும். பலகையைத் தரையில் போடக் கூடாது. ஒன்றரை அடி உயரத்துக்குக் கல் வைத்து, பலகைக்கும் பலகைக்கும் இடையில் ஒரு அங்குல ரீப்பர் வைத்து அடுக்க வேண்டும். ரீப்பர்கள் இரண்டு அடிக்கு ஒன்றாக, மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கோடு தவறினால் பலகை அந்த இடத்தில் வளையும். அடுக்கின் மேல் பாரம் ஏற்றி, மேலே மட்டும் தகரம் போட்டுப் பக்கங்களைத் திறந்து விட வேண்டும். மழைக்குப் பயந்து தார்ப்பாயால் சுற்றிக் கட்டுவதுதான் மலையில் பலரும் செய்வது. உள்ளே ஈரம் தங்கி, பூஞ்சை பிடித்து, பலகை நீலம் பாய்ந்துவிடும். பலகையின் இரு முனைகளிலும் மிச்சப் பெயின்ட்டைப் பூசினால் முனை வெடிப்பது குறையும்.

எப்போது காய்ந்தது என்று அறிய மீட்டர் வேண்டாம். அடுக்கின் நடுவிலிருந்து ஒரு பலகையை எடுத்து அடையாளமிட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை காபி நிறுக்கும் தராசில் நிறுத்து, கதவுக்குப் பின்னால் எழுதி வர வேண்டும். எடை குறைவது நின்றால் பலகை தயார். ஒரு அங்குலப் பலகைக்கு ஏற்காட்டுக் குளிரிலும் பனியிலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை ஆகலாம். போன ஐப்பசியில் சாய்ந்த மரம் என்பதால், சரியாக அடுக்கியிருந்தால் இப்போதே பாதிக்கு மேல் காய்ந்திருக்கும். பலகையிலிருந்து மாவு போலத் தூள் கொட்டினால் வண்டு விழுந்திருக்கிறது என்று பொருள். அந்தப் பலகையை உடனே பிரித்து எடுத்துவிட வேண்டும்.

இனிக் கருவிகள்.

முதலில் வாங்க வேண்டியவை டேப்பும் மூலைமட்டமும். மட்டம் கோணலாக இருந்தால் மீதிக் கருவி எல்லாம் வீண். கடையிலேயே சோதித்து வாங்கலாம். நேரான விளிம்புள்ள பலகையில் மட்டத்தை வைத்து ஒரு கோடு போட்டு, மட்டத்தைப் புரட்டி அதே இடத்தில் இன்னொரு கோடு போட வேண்டும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. மேலே போகப் போக விலகினால் அடுத்த மட்டத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

கைவாள் ஒன்று, பதினெட்டு அல்லது இருபது அங்குலம், அங்குலத்துக்கு ஏழெட்டுப் பல். இப்போது கடையில் அதிகம் கிடைப்பது பல் நுனி மட்டும் கறுத்து, கடினப்படுத்தப்பட்ட வாள். அது வாங்கிய அன்றே நன்றாக அறுக்கும். மழுங்கினால் அரம் பிடிக்காது, தூக்கிப் போட வேண்டியதுதான். பழகுகிறவருக்கு முப்பட்டை அரத்தால் கூர் தீட்டக்கூடிய சாதாரண வாளே நல்லது. வாள் கூர் தீட்டும் தச்சர் ஒருவராவது பக்கத்து ஊரில் இருப்பார். ஒரு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், பல்லை இடதும் வலதுமாக ஏன் சாய்க்கிறார் என்பது புரிந்துவிடும். அந்தச் சாய்வு இல்லாவிட்டால் வாள் மரத்துக்குள் இறுகிக்கொள்ளும்.

உளி மூன்று போதும்: கால், அரை, ஒரு அங்குலம். பன்னிரண்டு உளி கொண்ட செட்டை வாங்கினால் ஒன்பது துருப்பிடிக்கும். அந்தக் காசுக்கு மூன்று நல்ல உளி வாங்கலாம். உளியை அடிக்கும் கொட்டாப்புளியைக் காசு கொடுத்து வாங்கவே வேண்டாம். காய்ந்த புளிய மரத்துண்டு கிடைத்தால் தலைக்கு அதுவே சிறந்தது. பிடிக்கு, பிடுங்கிப் போட்ட பழைய காபிச் செடியின் தண்டு இருக்கிறது. அடர்த்தியான, வழவழப்பான மரம். அடுப்புக்குப் போகிற காபிக் கட்டையில் நேரானதாகப் பார்த்து நான்கைந்தை நிழலில் போட்டு வைத்தால் அரம், உளி, சுத்தியல் எல்லாவற்றுக்கும் பிடி ஆகும். பையனின் முதல் தச்சு வேலை இந்தக் கொட்டாப்புளியாகவே இருக்கட்டும்.

இழைப்புளி ஒன்று. இரும்பு இழைப்புளியில் ‘நாலாம் நம்பர்’ என்று கேட்டால் இரண்டு அங்குல அலகு உள்ளதைக் கொடுப்பார்கள். தொழிலை விட்ட பழைய தச்சர் வீட்டில் மர இழைப்புளி கிடந்தால் அது இன்னும் நல்லது. அடிப்பக்கம் நேராகவும், வாய் அதிகம் தேயாமலும் இருந்தால் வாங்கிவிடலாம். புதிதாக வாங்கினாலும் அலகு கடையிலிருந்து வந்தபடியே இழைக்காது. தீட்டிய பின்தான் வேலை செய்யும்.

பட்டியலில் யாரும் எழுதாதது சாணைக்கல். ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமானது அதுதான். ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைசும் உள்ள கல் ஒன்று வேண்டும். சில்வர் ஓக் மென்மையான மரம் என்பதால் மழுங்கிய உளியே போதும் என்று தோன்றும். உண்மை நேர்மாறானது. மென்மையான மரத்தில் மழுங்கிய அலகு வெட்டாது, நசுக்கும், நாரைப் பிய்த்துக்கொண்டு வரும். உளியின் சாய்வு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்குச் சுலபமான கணக்கு உண்டு: சாய்வின் நீளம் உளியின் கனத்தைப் போல இரண்டு மடங்கு இருந்தால் 30 டிகிரி. அதுவே போதும். சாய்வுப் பக்கத்தைத் தீட்டி, விளிம்பில் மெல்லிய பிசிறு எழுந்ததும், தட்டைப் பக்கத்தைக் கல்லில் படுக்க வைத்து நான்கு இழுப்பு இழுக்க வேண்டும். தட்டைப் பக்கத்தைத் தூக்கிப் பிடித்துத் தீட்டினால் உளி கெட்டது. கூர் வந்ததா என்று விரலில் பார்க்காமல், பலகையின் வெட்டு முனையைச் சீவிப் பார்க்க வேண்டும். பொடியாகாமல் சுருளாக வந்தால் சரி. அவசரத்துக்கு மின்சாரச் சாணையில் கொடுத்து அலகு நீலம் பாய்ந்துவிட்டால் இரும்பின் பதம் போய்விட்டது. அந்த நீலம் தேயும்வரை அது உளியே இல்லை. கவாத்துக் கத்தரியைத் தீட்டத் தெரிந்த வீட்டில் இதெல்லாம் கைவர ஒரு வாரம் போதும்.

சுத்தியல், குறடு, திருப்புளி தோட்டத்து வீட்டில் ஏற்கெனவே இருக்கும். சி-கிளாம்ப் இரண்டு பிறகு வாங்கலாம். அதுவரை கயிறும் ஆப்பும் போதும்.

மின்கருவியில் முதலில் வாங்கத் தகுந்தது கை டிரில், அதுவும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கவும் திருப்பிச் சுற்றவும் வசதி உள்ளது. துளையும் போடும், திருகாணியும் முடுக்கும். அதை வீட்டு இணைப்பில்தான் ஓட்ட வேண்டும். பம்புசெட்டின் இலவச மின்சாரத்தில் பட்டறை நடத்துவது விதிமீறல், அபராதம் விழும்.

வாங்கவே கூடாத ஒன்று இருக்கிறது. வெல்டிங் கடையில் இரும்பு அறுக்கும் ஆங்கிள் கிரைண்டரில், பல் வைத்த மரம் அறுக்கும் பிளேடை மாட்டி, பிளேடுக்கு இடமில்லை என்று காப்பு மூடியைக் கழற்றி ஓட்டுவது இப்போது ஊருக்கு ஊர் நடக்கிறது. விலை குறைவு, வேலை வேகம் என்பதால் பையன்கள் முதலில் ஆசைப்படுவது இதற்குத்தான். நான்கு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். பல் மரத்தின் கணுவில் மாட்டினால் கருவி முழுவதும் பின்னால் எகிறும். அது போகும் திசையில் கையோ தொடையோ கழுத்தோ இருக்கும். பிளேடு உடைந்து பறப்பதும் உண்டு. மலையிலிருந்து சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பது கொட்டச்சேட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 30,000 ரூபாயில் வாங்க நினைத்த மெஷின் பட்டியலில் இது இருந்தால் முதலில் அடிக்க வேண்டியது இதைத்தான்.

சில்வர் ஓக்கிலேயே இன்னொரு எச்சரிக்கை. அதன் பச்சை மரமும் தூளும் சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் உண்டாக்கும். முழுக்கைச் சட்டை, மூக்குக்குத் துணி, கண்ணாடி அவசியம். அரிப்பு வந்தால் அந்த ஆள் அந்த மரத்தைத் தொடாமல் இருப்பதே வழி. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இந்த மரம் நம் காபிக்கு நிழலாகவும் மிளகுக்குப் பந்தற்காலாகவும் நின்று உள்ளூர் மரம் போலவே ஆகிவிட்டது. ஆனாலும் அதன் குணம் தேக்கின் குணமல்ல. வெயிலும் மழையும் படும் வாசல் கதவுக்கு அது நிற்காது, கரையானும் விரும்பித் தின்னும். உள்ளறைக் கதவு, சமையலறை அலமாரி, பெஞ்சு, நாற்றுத் தட்டு இவற்றுக்கு நல்ல மரம்.

மிளகு ஏணி மட்டும் வேண்டாம். ஆள் ஏறி இருபது அடி உயரத்தில் நிற்கும் பொருளை, பழகுகிற கையால், மென்மையான மரத்தில் செய்யக் கூடாது. முற்றிய கல் மூங்கில் ஏணியோ அலுமினிய ஏணியோ வாங்கிக்கொள்வது உத்தமம்.

தேனீப் பெட்டிதான் சரியான முதல் சரக்கு. தென்னாட்டில் அடுக்குத் தேனீக்கு ஏற்ற சிறிய பெட்டியைப் பரப்பியவர் நியூட்டன் பாதிரியார். 1910-களில் அவர் ஊரூராகப் பயிற்சி கொடுத்தார். இன்றும் அது நியூட்டன் பெட்டி என்றே பெயர் பெற்றிருக்கிறது. அராபிகா காபி தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்றாலும், பூக்கும் நாட்களில் தேனீ இருந்தால் காய்ப்பு கூடும். சில்வர் ஓக் பூவிலும் தேன் நிறைய.

பெட்டியில் கவனிக்க வேண்டியது அழகல்ல, இடைவெளி. சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவில் தேனீ நடமாட ஏழெட்டு மில்லிமீட்டர் விட வேண்டும். அதிகமானால் அங்கே அடை கட்டிவிடும், குறைந்தால் பிசின் வைத்து ஒட்டிவிடும். இரண்டிலும் சட்டத்தை வெளியே எடுக்க முடியாது. அதனால் முதல் பெட்டியை அளவு கேட்டுச் செய்யாமல், நன்றாக ஓடும் ஒரு பெட்டியை விலைக்கு வாங்கி, பிரித்து, அதையே அச்சாக வைத்து வெட்ட வேண்டும். இங்கேதான் மூலைமட்டம் தன் விலையைத் திருப்பிக் கொடுக்கும். உள்ளே பெயின்ட், வார்னிஷ், வண்டு மருந்து எதுவும் கூடாது. வெளிப்பக்கம் மட்டும் பூசி, நன்றாக ஆறவிட வேண்டும். முதல் இரண்டு பெட்டியைச் சொந்தத் தோட்டத்தில் வைத்து ஒரு பருவம் பார்த்த பிறகே விற்பனையை யோசிக்கலாம்.

தேனீ வளர்ப்புப் பயிற்சி எப்போது என்று சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலும் கேட்டுப் பெயர் பதியலாம். தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் கைவினைத் தொழில் செய்வோருக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் உண்டு. ஆனால் அது 35 வயது நிறைந்தவர்களுக்கானது. பையனுக்கு இப்போது பொருந்தாது. ஊரில் தச்சுத் தொழில் செய்யும் பெரியவர்களுக்குப் பொருந்தும். அவர்களிடம் சொல்லி, சேலம் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கச் சொல்லலாம். வாள் தீட்டக் கற்றுக்கொடுப்பவருக்கு அதுவே குருதட்சிணையாக இருக்கட்டும்.